ரெஸ்யூமே: இன்டர்வியூ கேள்வித்தாளை நீங்களே செட் பண்ணுங்க!

மக்களே, ஆறாவது செமஸ்டர் முடியப் போகிறது என்றாலே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் தவறாமல் வந்துவிடும்: "யார்கிட்டயாச்சும் நல்ல ரெஸ்யூமே டெம்ப்ளேட் இருந்தா அனுப்புங்கப்பா." உடனே ஏதோ ஒரு சீனியரின் வேர்டு ஃபைல் வந்து விழும். அறுபது பேரும் அதில் பெயர், மார்க், போன் நம்பரை மட்டும் மாற்றி பிளேஸ்மென்ட் செல்லுக்கு அனுப்பிவிடுவோம். அவசரத்தில் சீனியரோட அப்பா பெயர்கூட மாறாமல் அப்படியே போன கதையெல்லாம் எல்லா டிபார்ட்மென்ட்லயும் உண்டு.

டெம்ப்ளேட் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் நாம அதோட வடிவத்தோடு நிறுத்திக்கிறோமா? உள்ளே இருக்கிற வாக்கியங்களையும் சேர்த்தே எடுத்துக்கிறோம். இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்திருப்பவர் அதே வாக்கியத்தைக் காலையிலிருந்து இருபது தடவை படித்திருப்பார். இருபத்தொண்ணாவது ஆளாக நீங்க உள்ளே போறீங்க. அவருக்கு உங்ககிட்ட கேட்க என்ன இருக்கும்? "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். ரெஸ்யூமே என்பது இன்டர்வியூ எடுப்பவர் கையில் நீங்க கொடுக்கிற கேள்வித்தாள். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். இத்தனை வருஷமா யாரோ செட் பண்ணின பேப்பருக்குத்தான் பதில் எழுதிட்டு இருந்தோம். முதல் தடவையா நாமளே செட் பண்ண ஒரு சான்ஸ் கிடைக்குது. அதைப் போய் சீனியர்கிட்ட காப்பி அடிக்கலாமா?

முதலில், இதை யார் படிக்கப் போறாங்க?

கேம்பஸ், ஆஃப்-கேம்பஸ் இரண்டிலும் ரெஸ்யூமே செய்யும் வேலை வேற வேற. இது புரியாமல்தான் பாதிப் பேர் தேவையில்லாத இடத்தில் மெனக்கெடுகிறோம்.

கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில், குறிப்பாக மொத்தமாக ஆள் எடுக்கும் கம்பெனிகளில், முதல் ரவுண்டுக்கு உங்க ரெஸ்யூமேயை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம். பிளேஸ்மென்ட் செல் அனுப்பும் எக்செல் ஷீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், சிஜிபிஏ, அரியர் எத்தனை என்று பார்த்து வடிகட்டுவார்கள். பிறகு ஆன்லைன் டெஸ்ட். இதையெல்லாம் தாண்டி டெக்னிக்கல் இன்டர்வியூவில் போய் உட்காரும்போதுதான் அந்தப் பேப்பர் மேஜைக்கு வரும். அங்கே அது முழுக்க முழுக்கக் கேள்வித்தாள்.

ஆஃப்-கேம்பஸ் அப்படி இல்லை. நௌக்ரியிலோ லிங்க்டுஇன்னிலோ அப்ளை பண்ணும்போது ரெஸ்யூமேதான் வாசல் கதவு. நிறைய கம்பெனிகளில் முதலில் ஒரு சாஃப்ட்வேர் அதைப் பிரித்து, பெயர், படிப்பு, ஸ்கில் என்று கட்டம் கட்டமாக எடுத்து வைக்கும். அப்புறம்தான் எச்ஆர் கண்ணுக்குப் போகும். அவருக்கும் நேரம் கிடையாது. அமெரிக்காவில் 'தி லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018-இல் எச்ஆர் ஆட்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமேயை முதல்முறை பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 7.4 விநாடி. நம்ம ஊரில் இந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் யாரும் டீ குடிச்சுக்கிட்டே நிதானமாகப் படிக்கப் போவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆக, மேல் பாதிப் பக்கத்தில் முக்கியமானது எல்லாம் இருக்கணும். கீழ்ப் பாதியில் இருப்பதற்கும் பதில் தெரிந்திருக்கணும்.

ஒரு வரி எப்படிக் கேள்வியாகிறது?

நம்ம எல்லோருக்கும் பழக்கமான ஒரு ப்ராஜெக்ட்டையே எடுத்துக்குவோம். ஐஓடி ஸ்மார்ட் பாசன சிஸ்டம். இசிஇ, இஇஇ, சிஎஸ்இ என்று எந்த டிபார்ட்மென்ட் போனாலும் இரண்டு டீமாவது இதைச் செய்திருக்கும். ரெஸ்யூமேயில் வழக்கமாக எப்படி வரும்? (ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரிவதற்காக இங்கே தமிழில் சொல்கிறேன்.)

"ஐஓடி பயன்படுத்தி ஸ்மார்ட் பாசன அமைப்பு உருவாக்கப்பட்டது."

உருவாக்கப்பட்டது, சரி. யார் உருவாக்கினது? நாலு பேர் டீமில் நீங்க என்ன பண்ணீங்க? இந்த வரியைப் படிப்பவருக்கு ஐஓடின்னா என்ன, பாசனம்னா என்ன என்று பொதுவாகக் கேட்பதைத் தவிர வேற வழியே இல்லை. பொதுவான கேள்வி எப்பவுமே ஆபத்தானது. அது எங்கே போய் முடியும்னு நமக்குத் தெரியாது.

இப்போ அதையே இப்படி எழுதிப் பாருங்க:

"நோட்எம்சியூ போர்டில் ஒரே ஒரு அனலாக் பின் இருந்ததால், மூன்று மண் ஈரப்பத சென்சார்களை மல்டிபிளெக்சர் வழியாக இணைத்தேன். ஈரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரிலே மூலம் மோட்டார் ஓடும்படி கோடு எழுதினேன்."

இதைப் படித்தவர் அடுத்து என்ன கேட்பார்? "ஏன் நோட்எம்சியூ? ஊனோ ஆர்3 எடுத்திருந்தா ஆறு அனலாக் பின் கிடைச்சிருக்குமே?" என்பார். நீங்க, "சார், ஊனோ ஆர்3-ல வைஃபை கிடையாது, தனி மாட்யூல் வாங்கணும். இதுல இஎஸ்பி8266 சிப் இருக்கறதால வைஃபை உள்ளேயே இருக்கு" என்பீர்கள். "சென்சாரை மண்ணிலேயே விட்டீங்களா? என்ன ஆச்சு?" என்பார். விலை குறைந்த, இரண்டு கால் உள்ள ரெசிஸ்டிவ் சென்சாரைத்தான் நாம எல்லாம் வாங்குவோம். அதில் டிசி கரன்ட் தொடர்ந்து போனால் ஈர மண்ணில் மின்பகுப்பு நடந்து கால் அரித்துவிடும். அதனால் ரீடிங் எடுக்கும் நேரத்தில் மட்டும் பவர் கொடுக்கணும், இல்லைன்னா கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறணும். இது எந்தப் புத்தகத்திலும் நீங்க மனப்பாடம் பண்ணினது இல்லை. நீங்களே கை வைத்துச் செய்திருந்தால் தானா வாயில் வரும்.

கவனிச்சீங்களா? இரண்டு வரி எழுதினதால் அடுத்த ஐந்து நிமிஷப் பேச்சு எங்கே போகும் என்பதை நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த மல்டிபிளெக்சரை நிஜமாகவே நீங்க இணைத்திருக்கணும். ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிட்டு இந்த வரியை மட்டும் இங்கிருந்து எடுத்துப் போட்டால், அந்த ஐந்து நிமிஷம் ரொம்ப நீளமா இருக்கும்.

ஒரு வரிக்கு மூணு பாகம்

எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் ஒரு நல்ல வரியில் மூன்று விஷயம் இருக்கும்: நான் என்ன செய்தேன், எதை வைத்து எப்படிச் செய்தேன், அதனால் என்ன ஆச்சு. சில உதாரணங்கள்:

மெக்கானிக்கல்: "தொழிற்சாலையில் இன்பிளான்ட் ட்ரெயினிங் பெற்றேன்" என்று எழுதினால் ஐந்து நாள் சுற்றிப் பார்த்த மாதிரிதான் தெரியும். "சிஎன்சி டர்னிங் பிரிவில் ஒரு ஷாஃப்ட்டின் செட்டப் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைத்தேன். டூல் தேடுவதற்கே அதிக நேரம் போவதைப் பட்டியலிட்டுச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன்" என்றால் பேச விஷயம் இருக்கு.

சிஎஸ்இ: "முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் சிஸ்டம், 98 சதவீதத் துல்லியம்." இந்த 98 ஒரு கண்ணிவெடி. எத்தனை பேர் முகம்? ஒருத்தருக்கு எத்தனை படம்? ட்ரெயின் பண்ணின அதே படங்களிலேயே டெஸ்ட்டும் பண்ணீங்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் "ஆமா" என்றால் அந்த 98-க்கு மதிப்பே இல்லை. அதைவிட, "20 மாணவர்கள் மீது சோதித்தேன். வெளிச்சம் குறைந்த வகுப்பில் தவறு அதிகமானதால் படங்களின் பிரகாசத்தைச் சரிசெய்யும் படியைச் சேர்த்தேன்" என்பது எவ்வளவோ மேல். சின்ன எண்ணாக இருந்தாலும் உண்மையான எண் தைரியம் கொடுக்கும்.

சிவில்: "சர்வே கேம்ப்பில் பங்கேற்றேன்" என்பதற்குப் பதிலாக, டோட்டல் ஸ்டேஷனை யார் பிடித்தது, எந்த மாதிரி நிலம், டிராவர்ஸ் போட்டு முடித்தபோது க்ளோசிங் எர்ரர் வந்ததா, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை எழுதுங்க.

ஸ்கில்ஸ் பகுதிக்கும் இதே விதிதான். சி, சி++, ஜாவா, பைதான், ஆர், மேட்லேப் என்று ரயில் பெட்டி மாதிரி கோர்க்க வேண்டாம். முதல் பெட்டியிலேயே ஏறி, "சி-யில் பாயின்டர் எதுக்கு?" என்று கேட்டால் கதை முடிஞ்சுது. 'ப்ராஜெக்ட்டில் பயன்படுத்தியவை', 'அடிப்படை தெரிந்தவை' என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்க. 'பைதான் 80%' என்று கோடு போட்டு வண்ணம் அடிப்பதையும் விட்டுடுங்க. எதில் 80 சதவீதம்? யார் அளந்தது?

சர்டிஃபிகேட்டும் அப்படித்தான். பங்கேற்ற வெபினார் சர்டிஃபிகேட் பதினைந்தை அடுக்குவதைவிட, தேர்வு எழுதி வாங்கின ஒன்று போதும். உதாரணமாக என்பிடெல் கோர்ஸில் அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். அதை மார்க்கோடு போடலாம். 'நான் முதல்வன்' திட்டத்தில் படித்த கோர்ஸ் என்றால், திட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் அதில் என்ன செய்து முடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்க. அந்த கோர்ஸை உங்க பக்கத்து சீட்டில் இருப்பவரும் முடித்திருப்பார்.

"எனக்கு எழுத ஒண்ணுமே இல்லையே..."

இதைப் பெரும்பாலும் யார் சொல்றாங்கன்னு பார்த்தால், வீட்டில் முதல் பட்டதாரிகள், கிராமத்திலிருந்து தமிழ் மீடியம் படித்து வந்தவர்கள். இன்டர்ன்ஷிப் வாங்கித் தர மாமா கிடையாது. ஹேக்கத்தான் போக பெங்களூருக்கு டிக்கெட் போடக் காசு கிடையாது. காலிப் பக்கத்தைப் பார்த்ததும் சீனியர் ஃபைலில் இருக்கும் 'லீடர்ஷிப், டீம் ஒர்க், குவிக் லேர்னர்' எல்லாத்தையும் அப்படியே விட்டுடறோம்.

ஆனால் நிஜத்தில் ஒண்ணுமே இல்லையா? சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போறவங்க நம்ம ஹாஸ்டல்லயே எத்தனை பேர்! ஊரில் அப்பாவோட கடைக் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொடுத்தவர், பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தவர், என்எஸ்எஸ் கேம்ப்பில் நூறு பேர் சாப்பாட்டுக்கு மளிகை லிஸ்ட் போட்டவர், சிம்போசியத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் நின்று ஸ்பாட் என்ட்ரி பணத்தைக் கணக்கு முடித்துக் கொடுத்தவர். இவங்க எல்லாருமே 'டீம் ஒர்க்' என்ற வார்த்தையை எழுதாமலே அதைக் காட்ட முடியும்.

"இரண்டு வருடம் வார இறுதிகளில் கேட்டரிங் குழுவில் பகுதிநேர வேலை. இரண்டாம் ஆண்டில் எட்டுப் பேர் கொண்ட பந்திக் குழுவைக் கவனித்தேன்." இதை எழுத வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. படிப்புச் செலவைத் தானே சம்பாதித்த ஒருத்தரைப் பற்றி எந்தப் பேனலும் மட்டமாக நினைக்காது. அப்படி ஒருத்தர் நினைத்தால் அது அவரோட பிரச்சினை. ப்ரொடக்ஷன், சேல்ஸ், சர்வீஸ், சப்போர்ட் மாதிரி ஆட்களோடு வேலை செய்யும் வேலைகளுக்கு இது நிஜமான அனுபவம்.

இன்னும் மூணாவது வருஷத்தில்தான் இருக்கீங்கன்னா, வேலை இன்னும் சுலபம். ஊரில் இருக்கும் ஒரு சின்னப் பிரச்சினையை எடுத்து ஒரு மினி ப்ராஜெக்ட் செய்யுங்க. பால் சொசைட்டி கணக்கு, ரைஸ் மில் மோட்டாரின் கரன்ட் அளவு, டவுன் பஸ் டைம் டேபிள், எதுவாக இருந்தாலும் சரி. இணையத்தில் ஆயிரம் பேர் செய்த ப்ராஜெக்ட்டைவிட அதைப் பற்றிப் பேசும்போது உங்க குரலே வேற மாதிரி இருக்கும்.

எதையெல்லாம் தூக்கலாம்?

'டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்...' என்று ஆரம்பிக்கும் அப்ஜெக்டிவ். இதைப் படித்துவிட்டு யாரும் யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை. வேணும்னா அந்த இடத்தில் இரண்டு வரி: எந்த டிபார்ட்மென்ட், எந்த வேலைக்கு, உங்க பலமான ஒரு விஷயம்.

'மேற்கூறியவை அனைத்தும் உண்மை' என்ற டிக்ளரேஷன், இடம், தேதி, கையெழுத்து. கம்பெனியோ காலேஜ் ஃபார்மேட்டோ கேட்டால் தவிர தேவையில்லை.

அப்பா பெயர், மதம், சாதி, கல்யாணம் ஆச்சா இல்லையா, முழு வீட்டு முகவரி, போட்டோ. தனியார் வேலைக்கு இவை எதுவும் உங்க திறமையைச் சொல்லாது. சில நேரம் கெடுதலும் பண்ணும். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007-இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்கள் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பெயரை நாம மாற்றிக்க வேண்டாம், அது நம்ம பெயர். ஆனால் தேவையில்லாத விவரங்களை நாமே தட்டில் வைத்துக் கொடுக்கணுமா?

'ஹாபீஸ்: பாட்டு கேட்பது, பேட்மிண்டன்.' ஜோனல் லெவலில் ஆடியிருந்தால் அதைப் போடுங்க. இல்லைன்னா அந்த இடத்தை இன்னொரு ப்ராஜெக்ட் வரிக்குக் கொடுங்க.

மார்க்கும் அரியரும்

சிஜிபிஏ 6.8 என்றால் 6.8 தான். அதை 7 ஆக்கக் கூடாது. ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் கேட்கும் இடத்தில் மறைக்கக் கூடாது. 'ஸ்டாண்டிங் அரியர்' என்பது இன்னும் முடிக்காதது, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்பது இருந்து முடித்தது. எதைக் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்த்து அதற்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேட்காத இடத்தில் நீங்களாகப் போய் எழுத வேண்டியதில்லை. மார்க் குறைவென்றால் ப்ராஜெக்ட் பகுதியை மேலே கொண்டுவந்து, படிப்பைக் கீழே வைப்பது தப்பே இல்லை. பன்னிரண்டாவதுக்கு அப்புறம் ஒரு வருஷம் நீட் ரிப்பீட் பண்ணியிருந்தால், "ஏன் கேப்?" என்று கேட்கும்போது ஒரே வரியில் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க.

பொய் ஏன் ஆகாது? தர்மம், நியாயம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய கம்பெனிகள் சேரும் சமயத்தில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பண்ணுவார்கள். மார்க்ஷீட்டையும் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட்டையும் கொடுத்த இடத்திலேயே விசாரிப்பார்கள். ஆஃபர் லெட்டர் வந்து, வீட்டில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்த பிறகு அது ரத்தானால் வரும் வலி, ஆரம்பத்திலேயே ஷார்ட்லிஸ்ட் ஆகாத வலியைவிட ரொம்பப் பெரிசு.

ஒரே ரெஸ்யூமே எல்லா கம்பெனிக்கும் ஆகுமா?

உலகத்தின் முதல் ரெஸ்யூமே என்று பலர் சொல்வது ஒரு இன்ஜினியர் எழுதியதுதான். சுமார் 1482-இல் லியொனார்டோ டா வின்சி மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். மோனலிசா வரைந்தவர் அதில் என்ன எழுதியிருப்பார்? ஓவியத்தைப் பற்றி கடைசியில் போகிற போக்கில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மற்றபடி சுலபமாகத் தூக்கிச் செல்லும் பாலம், அகழி நீரை வடிப்பது, பீரங்கி, சுரங்கப் பாதை என்று வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார். படிக்கிறவருக்குத் தேவை போர்க்கருவிகள், அவ்வளவுதான் கணக்கு.

நாம செய்ய வேண்டியதும் அதேதான். எல்லாவற்றையும் போட்டு நாலு பக்கத்துக்கு ஒரு 'மாஸ்டர் ஃபைல்' வைத்துக்கோங்க. ஒவ்வொரு வேலைக்கும் அந்த ஜாப் டிஸ்கிரிப்ஷனைப் படித்து, அதற்கு ஒத்துவரும் வரிகளை மட்டும் எடுத்து ஒரே பக்கத்தில் வைங்க. அவர்கள் 'எம்பெடட் சி' என்று கேட்டு, உங்களுக்கும் அது தெரியும் என்றால் அதே வார்த்தையில் எழுதுங்க. சாஃப்ட்வேர் தேடுவதும் அந்த வார்த்தையைத்தான்.

அனுப்புவதற்கு முன்னால்

கான்வாவில் இரண்டு பத்தி, ஐகான், வட்ட போட்டோ என்று அழகாகச் செய்தால் சில சாஃப்ட்வேர் அதைத் தாறுமாறாகப் படிக்கும். சோதிக்க ஒரு சுலப வழி: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, நோட்பேடில் பேஸ்ட் பண்ணுங்க. வரிசை மாறாமல் வந்தால் பாஸ். போன் நம்பருக்கு நடுவில் உங்க ஸ்கில்ஸ் வந்து நின்றால் ஒரே பத்தி ஃபார்மேட்டுக்கு மாறுங்க.

ஃபைல் பெயர் 'ஃபைனல்_நியூ_2' என்று இருக்க வேண்டாம். உங்க பெயர், டிபார்ட்மென்ட், ரெஸ்யூமே என்று இருக்கட்டும். மெயில் ஐடியில் 'ராக்ஸ்டார்', 'கில்லி' எல்லாம் வேண்டாம். காலேஜ் மெயில் ஐடி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம், அதனால் சொந்த ஐடி கொடுங்க. கிட்ஹப் லிங்க் போட்டால் உள்ளே ஏதாவது இருக்கணும்.

சாட்ஜிபிடி? தாராளமா பயன்படுத்துங்க. ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லுங்க. ஆனால் அது 'ஸ்பியர்ஹெடட்', 'லெவரேஜ்டு' என்று எழுதித் தரும். வாய் விட்டுச் சொல்ல வராத எந்த வார்த்தையும் உங்க ரெஸ்யூமேயில் இருக்கக் கூடாது. சாதாரண 'பில்ட்', 'டெஸ்டட்', 'ஃபிக்ஸ்டு' போதும்.

கடைசியா ஒரு ஹோம் ஒர்க். இன்னைக்கு நைட் ரெஸ்யூமேயை பிரிண்ட் எடுத்து, வேற டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட் ஒருத்தர்கிட்ட கொடுங்க. ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?", "எப்படி?" என்று இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்க. பதில் வராத வரியை அடிச்சிடுங்க, இல்லைன்னா போய்ப் படிச்சிட்டு வாங்க. மீதி இருப்பதுதான் உங்க ரெஸ்யூமே. அது முக்கால் பக்கம்தான் வந்தாலும் பரவாயில்லை. அந்த முக்கால் பக்கத்தில் எங்கே தொட்டாலும் பேச உங்ககிட்ட விஷயம் இருக்கும்.

ஆல் தி பெஸ்ட் மக்களே!